பணிமிகுப்பு: ஒரு பெயர், பல வேலை, ஒரு வைவா கேள்வி

ஓசூரில் 'ஓவர்லோடு' என்றால் முதலில் ஞாபகம் வருவது லாரிதான். ஜூஜூவாடி செக்போஸ்ட் பக்கம் ஓரங்கட்டி நிற்கும் லாரி. சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த கதையைச் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் மட்டும்தான் அதற்கு மூன்றாவது அர்த்தம்: மெத்தட் ஓவர்லோடிங். ஆக, ஓவர்லோடு என்ற சொல்லே ஓவர்லோடு ஆகியிருக்கிறது!

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு வைவா. ஜாவா லேப் முடிந்து வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்னிடம் கேட்டது: "ரிட்டர்ன் டைப் மட்டும் மாற்றி ஒரே பெயரில் ரெண்டு மெத்தட் எழுதலாமா?" எழுத முடியாது சார் என்றேன். அது எல்லாருக்கும் மனப்பாடம். அடுத்த கேள்விதான் வில்லங்கம். "ஏன் முடியாது?"

"கம்பைலர் எரர் வரும் சார்."

அவர் சிரித்தார். "எரர் ஏன் வரும்னுதான் கேட்கிறேன்." வெளியே வந்து நண்பர்களைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கைடிலும் 'முடியாது' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் தேடிப் படித்தபோது, இதற்குப் பின்னால் பல பத்தாண்டுக் கதை ஒன்று இருப்பது தெரிந்தது.

முதலில் புதியவர்களுக்கு இரண்டு வரி. ஒரே பெயரில் பல மெத்தட்கள், ஆனால் வாங்கிக்கொள்ளும் விவரங்கள் வேறு வேறு. பரப்பு(பக்கம்) என்றால் சதுரத்தின் பரப்பு, பரப்பு(நீளம், அகலம்) என்றால் செவ்வகத்தின் பரப்பு. எதைக் கூப்பிடுகிறோம் என்பதை அடைப்புக்குறிக்குள் இருப்பதை வைத்துக் கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளும். தமிழ் வழிப் பாடநூல்களில் இதற்குப் 'பணிமிகுப்பு' என்று பெயர். செயற்கூறு பணிமிகுப்பு, செயற்குறி பணிமிகுப்பு என்று இரண்டு வகை. (பணிமிகுப்பு என்று எழுதிக் கம்பெனி வாசலில் ஒட்டினால் எல்லாரும் ஓ.டி. என்றுதான் நினைப்பார்கள். மொழிபெயர்த்தவர் 'ஓவர்லோடு' என்பதை அப்படியே சுமந்து வந்திருக்கிறார். பழகினால் நல்ல சொல்தான்.)

ஓவர்லோடிங் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழிகளோடு பிறந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1957இல் ஐ.பி.எம். 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரானை வெளியிட்டபோதே அதன் விதை இருக்கிறது. முழு எண்களைக் கூட்டவும் அதே + குறிதான், தசம எண்களைக் கூட்டவும் அதே + குறிதான். ஆனால் இயந்திரத்துக்குள் இரண்டும் வேறு வேறு கட்டளைகள். எந்தக் கூட்டல் வேண்டும் என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? மாறியின் பெயரில் முதல் எழுத்தைப் பார்க்கும்! ஐ முதல் என் வரையிலான ஆறு எழுத்துகளில் தொடங்கினால் முழு எண், மற்றதெல்லாம் தசமம். பழைய புரோகிராம்களில் லூப் என்றாலே ஐ, ஜே, கே என்று எழுதும் பழக்கத்துக்கு இது பெரிய ஆதரவு.

குறிக்குக் கொடுத்த சலுகையை ஃபோர்ட்ரான் ஃபங்ஷனுக்குக் கொடுக்கவில்லை. எண்ணின் குறியை நீக்கிவிட்டு மதிப்பை மட்டும் தரும் ஃபங்ஷன் தசமத்துக்கு ஏபிஎஸ்எஃப், முழு எண்ணுக்கு எக்ஸ்ஏபிஎஸ்எஃப். 1966 தரநிலையில் இது ஏபிஎஸ், ஐஏபிஎஸ், டிஏபிஎஸ் என்று மூன்று பெயராக நின்றது. பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் 'மேக்ஸ்' குடும்பம் இன்னும் மோசம், ஐந்து பேர்: மேக்ஸ்0, மேக்ஸ்1, ஏமேக்ஸ்0, ஏமேக்ஸ்1, டிமேக்ஸ்1. அந்த ஒன்றும் பூஜ்யமும் உள்ளே போவது எந்த வகை என்பதைச் சொல்கின்றன, முதல் எழுத்து வெளியே வருவது எந்த வகை என்பதைச் சொல்கிறது. நினைவில் வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதியவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

ஃபோர்ட்ரான் 77 தரநிலையில்தான் 'மேக்ஸ்' என்று ஒரே பொதுப்பெயர் வந்தது. எந்த வகை எண் கொடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் கவனியுங்கள், அந்த ஐவரில் மூவர்தான் பொதுப்பெயருக்குள் வந்தார்கள். முழு எண் வாங்கித் தசமம் தரும் ஏமேக்ஸ்0, தசமம் வாங்கி முழு எண் தரும் மேக்ஸ்1 இரண்டும் வெளியிலேயே நின்றன. மேக்ஸ்0, ஏமேக்ஸ்0 இரண்டுக்கும் உள்ளே போவது ஒன்றேதான், முழு எண்கள். வெளியே வருவது மட்டும் வேறு. அடைப்புக்குறிக்குள் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. என் வைவா கேள்வி இங்கேயே எட்டிப் பார்க்கிறது.

இந்த விஷயத்துக்கு ஒரு பெயரும் வகைப்பாடும் கொடுத்தவர் இங்கிலாந்தின் கிறிஸ்டஃபர் ஸ்ட்ரேச்சி. 1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த ஒரு கோடைப் பள்ளியில் அவர் நடத்திய பாடங்களில், ஒரு பெயர் பல வகைகளுக்கு வேலை செய்வதை இரண்டாகப் பிரித்தார். ஒரே நிரல்துண்டு எல்லா வகைக்கும் பொருந்துவது ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி நிரல்துண்டு எழுதி ஒரே பெயர்ப்பலகை மாட்டுவது மற்றொன்று. இரண்டாவதற்கு அவர் வைத்த பெயர் 'அட் ஹாக்' பாலிமார்ஃபிசம். அதாவது அவ்வப்போதைக்கு ஒப்பேற்றுவது. நம்ம ஓவர்லோடிங் அந்த வகைதான். பெயரிலேயே கொஞ்சம் அலட்சியம் தெரிகிறது இல்லையா? இன்ஜினியரிங் தேர்வில் பாலிமார்ஃபிசத்துக்கு இரண்டு பக்கம் எழுதுகிறோமே, அந்த இரண்டு பக்கத்தின் தாத்தா இந்தப் பாடக்குறிப்புகள். அவை இதழில் அச்சானது 2000இல்தான், ஸ்ட்ரேச்சி இறந்து 25 வருஷம் கழித்து. அதுவரை நகல் எடுத்து நகல் எடுத்தே படித்திருக்கிறார்கள், நம்ம ஜெராக்ஸ் நோட்ஸ் மாதிரி.

அடுத்து வந்த அல்கால் 68, புரோகிராமரே + போன்ற குறிகளுக்குப் புது அர்த்தம் கொடுக்கலாம் என்றது. சாதாரண ஃபங்ஷன் பெயர்களுக்கு அந்த அனுமதி இல்லை. அந்தக் கதவை அகலத் திறந்தது 'ஏடா'.

ஏடாவைப் பற்றி நம் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட வருவதில்லை என்பது எனக்கு வருத்தம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ராணுவத்துக்குள் புழங்கிய எண்ணற்ற மொழிகளால் நொந்துபோய், ஒரே மொழி வேண்டும் என்று போட்டி வைத்தது. ஜான் இஷ்பியா தலைமையிலான பிரெஞ்சுக் குழு ஜெயித்தது. 1980இல் ராணுவத் தரநிலை, 1983இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை. அந்த ராணுவத் தரநிலைக்கு எண் 1815. ஏடா லவ்லேஸ் பிறந்த வருஷம்.

ஏடாவில் ரிட்டர்ன் டைப் மட்டும் வேறாக இருந்தாலும் ஓவர்லோடு செய்யலாம்! இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'முடியாது' என்று நான் ஒப்பித்தது ஜாவாவின் விதிதானே தவிர இயற்கையின் விதி இல்லை. உதாரணமாக, நிறங்களின் பட்டியலில் 'சிவப்பு' இருக்கிறது, சிக்னல் விளக்குகளின் பட்டியலிலும் 'சிவப்பு' இருக்கிறது. ஏடாவில் இரண்டும் எதையும் வாங்காமல் ஒரு மதிப்பை மட்டும் தரும் ஃபங்ஷன் மாதிரி. வெறும் 'சிவப்பு' என்று எழுதினால், அது போய்ச் சேரும் இடம் நிறமா சிக்னலா என்று பார்த்து ஏடா கம்பைலர் முடிவு செய்யும். இதற்காக அது ஒரு கோவையைக் கீழிருந்து மேலே ஒரு முறை, மேலிருந்து கீழே ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். முதல் நடையில் 'இது இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்' என்று பட்டியல் சேர்க்கும். இரண்டாம் நடையில் 'மேலே கேட்பது இது, ஆகவே மற்றவை வெளியே' என்று கழிக்கும்.

இங்கே தமிழுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன். சம்பந்தம் இருக்கிறது.

ஓசூரில் மூன்று மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே காய்கறிக் கடையில் ஒரே மூச்சில் பேசப்படும். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த நண்பன் ஒருவன் முதல் வாரத்தில் 'அக்கி ரொட்டி' என்ற போர்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவன் ஊரில் அக்கி என்றால் உடம்பில் கொப்புளமாக வரும் நோய், காவி குழைத்து அக்கி எழுதுவார்களே, அது. கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி! பக்கத்தில் 'ரொட்டி' இருந்ததால் நாங்கள் யோசிக்கவே இல்லை. 'எழுது' என்று வந்திருந்தால் அவன் சொன்னதுதான் சரி. சொல் ஒன்றேதான், பக்கத்தில் நிற்பது எது என்பதைப் பொறுத்து ஆள் மாறுகிறது.

இதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே பேசுகிறது. பலபொருள் ஒருசொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது: வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல், வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குகிறார்கள். மா என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. 'மா பூத்தது' என்றால் குழப்பமே இல்லை, விலங்கு பூக்காது. வினை காட்டிக்கொடுத்துவிட்டது. வினை மட்டுமில்லை, இனத்தாலும் சார்பாலும்கூடப் பொருள் தெரியும் என்கிறது இலக்கணம். ஆனால் 'மா வீழ்ந்தது' என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அப்போது கேட்பவன் ஊகிக்கக் கூடாது, சொல்பவனே 'மாமரம் வீழ்ந்தது' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

(தொல்காப்பியர்தான் ஜாவாவைக் கண்டுபிடித்தார் என்று யாரும் ஃபார்வர்ட் அனுப்பிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். அவர் மனிதர்கள் பேசுவதைப் பற்றிச் சொன்னார். பிரச்சினை ஒன்றாக இருப்பதால் தீர்வும் ஒன்றுபோல் இருக்கிறது, அவ்வளவுதான்.)

எனக்கு இதில் பிடித்தது இன்னொரு விஷயம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'மா' முதலிலேயே வந்துவிட்டது. ஆனால் அது எந்த மா என்று தெரிய வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஏடா கம்பைலர் செய்வதும் அதுதான். 'சிவப்பு' என்ற சொல்லைப் பார்த்தவுடன் முடிவெடுக்காமல், இது எங்கே போய்ச் சேர்கிறது என்று மேலே பார்க்கும்வரை காத்திருக்கிறது.

சி++ காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. கதையின் முக்கியமான திருப்பம் இதுதான்.

பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் 'வகுப்புகளோடு சி' என்ற பெயரில் ஆரம்பித்தபோது ஓவர்லோடிங்கைச் சேர்க்கவில்லை. பலர் கேட்டும் தயங்கினார். ஓவர்லோடிங்குக்கு அந்தக் காலத்தில் கெட்ட பெயர்: கம்பைலர் பூதாகரமாக வீங்கிவிடும், சொல்லிக்கொடுப்பது கஷ்டம், புரோகிராம் மெதுவாக ஓடும், படித்தால் புரியாது. பிறகு யோசித்துப் பார்த்து இந்தப் பழிகளில் பெரும்பாலானவை நிற்காது என்று முடிவு செய்து, சி++ ஆக மாறிய 1983-84 காலத்தில் சேர்த்தார். ஆனாலும் பயம் முழுசாகப் போகவில்லை. முதல் வெளியீட்டில் (1985) ஒரு ஃபங்ஷனை ஓவர்லோடு செய்ய வேண்டுமானால் 'ஓவர்லோடு' என்ற சொல்லைப் போட்டு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்! லாரியில் 'எச்சரிக்கை' போர்டு கட்டுவது மாதிரி.

அந்த போர்டுதான் வினையாகப் போனது. வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் சி மொழியின் கணித நூலகத்தில் சாதாரணமாக இருந்தது. கலப்பெண்களுக்கான சி++ நூலகம் அதே பெயரை ஓவர்லோடு என்று அறிவித்தது. இரண்டு கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்தால், எதை முதலில் சேர்த்தாய் என்பதைப் பொறுத்து ஒரு வரிசையில் சரியாகும், மறு வரிசையில் எரர் வரும். இருவரும் அவரவர் அளவில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், சேர்க்கும்போது சண்டை. 1989இல் வந்த 2.0 வெளியீட்டில் அந்தச் சொல் தேவையில்லை என்றாகிவிட்டது.

அதோடு வந்த ஏற்பாடுதான் பெயரைத் திரிப்பது. லிங்க்கர் என்ற பழைய கருவிக்கு ஓவர்லோடு எல்லாம் தெரியாது, ஒரு பெயர் என்றால் ஒரு ஃபங்ஷன்தான். அதனால் கம்பைலர் ஒவ்வொரு பெயரின் வாலிலும் அது வாங்கும் வகைகளைக் குறியாக ஒட்டி அனுப்புகிறது. 'பிரிண்ட்' என்று நாம் எழுதியதை ஜிசிசி திரிக்கும்போது, முன்னால் எழுத்துகளின் எண்ணிக்கை 5, பின்னால் முழு எண்ணுக்கு 'ஐ', தசமத்துக்கு 'டி'. தொழிற்சாலையில் ஒரே பெயருள்ள இரண்டு பேரை டோக்கன் நம்பர் போட்டுப் பிரிப்பது போலத்தான். அந்த வாலில், சாதாரண ஃபங்ஷன்களுக்கு, ரிட்டர்ன் டைப் எழுதப்படுவதில்லை.

ஏன்? ஒரு அழைப்பை, அது எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், அதை மட்டும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது ஸ்ட்ரூஸ்ட்ரப் தேர்ந்தெடுத்த வழி. கம்பைலருக்கு எளிது என்பது ஒரு பக்கம். படிக்கிற மனிதனுக்கும் அந்த ஒரு அழைப்பைப் படித்தால் போதும், சுற்றியிருப்பதை ஆராய வேண்டாம்.

இன்னொரு காரணம் சி வழிவந்த மொழிகளின் பழக்கத்திலேயே இருக்கிறது. இந்த மொழிகளில் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு அது தரும் விடையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். கணக்கிடு(5), என்று தனியாக ஒரு வரி எழுதினால் அது செல்லும். முழு எண் தருவது ஒன்று, தசமம் தருவது ஒன்று என இரண்டு 'கணக்கிடு' இருந்தால், இந்த வரி கேட்பது எதை? சொல்லவே முடியாது. 'மா வீழ்ந்தது' நிலைமை. ஏடாவில் இந்தச் சிக்கல் எழாது. அங்கே விடை தரும் ஃபங்ஷனைத் தனி வரியாகக் கூப்பிட அனுமதியே இல்லை, விடையை எதிலாவது வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்குகிற பாத்திரம் எப்போதும் இருப்பதால் அதைப் பார்த்து முடிவு செய்ய முடிகிறது. வைவாவில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

1995இல் வந்த ஜாவா, புரோகிராமர் குறிகளை ஓவர்லோடு செய்வதை அடியோடு விலக்கியது (சரங்களை ஒட்டும் + மட்டும் மொழிக்குள்ளேயே உண்டு), மெத்தட் ஓவர்லோடிங்கை வைத்துக்கொண்டது. நாம் முதல் நாளே எழுதும் பிரிண்ட்லைன் மெத்தட்டுக்குப் பத்து வடிவங்கள் உண்டு. லேபில் சும்மா இருக்கும்போது அதற்குள் நல் என்று மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். 'குழப்பமான அழைப்பு' என்று கம்பைலர் மறுத்துவிடும். நல் என்பது சரமாகவும் இருக்கலாம், எழுத்துகளின் அரேயாகவும் இருக்கலாம், இரண்டில் எதுவும் மற்றதைவிடப் பொருத்தமில்லை. நாமே தெளிவாகச் சொல்ல வேண்டும். சரம் என்று காஸ்ட் செய்தால் 'நல்' என்று அச்சிடும். எழுத்து அரே என்று காஸ்ட் செய்தால் கம்பைல் ஆகிவிட்டு ஓடும்போது வெடிக்கும். மாமரம் என்று சொன்னால் பிழைத்தீர்கள்!

கம்பைலர் குழம்பினால்கூடப் பரவாயில்லை. குழம்பாமல் தப்பானதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஆபத்து. 2004இல் ஜாவா 5 வந்தபோது வெறும் முழு எண்ணும் இன்டீஜர் ஆப்ஜெக்டும் தானாகவே ஒன்றுக்கொன்று மாறும் வசதி வந்தது. லிஸ்டில் ரிமூவ் மெத்தட்டுக்கு இரண்டு வடிவம்: ஒன்று எத்தனையாவது இடம் என்று வாங்கும், மற்றது எந்தப் பொருள் என்று வாங்கும். எண்கள் நிறைந்த லிஸ்டில் ரிமூவ்(3) என்றால் 3 என்ற எண் போகாது, மூன்றாம் இடத்தில் (பூஜ்யத்திலிருந்து எண்ணி) இருப்பது போகும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. பழைய மெத்தட்கள் இரண்டும் சரிதான், புது வசதியும் நல்லதுதான்.

ஜாவா கம்பைலர் மறுத்தாலும், அதற்குக் கீழே இருக்கும் ஜாவா மெய்நிகர் இயந்திரத்துக்கு ரிட்டர்ன் டைப் மட்டும் வேறான இரண்டு மெத்தட்கள் ஒரே வகுப்பில் இருப்பதில் ஆட்சேபமே இல்லை. அங்கே மெத்தட்டின் முழு அடையாளத்தில் ரிட்டர்ன் டைப்பும் சேர்த்தி. கம்பைலரே ஜெனரிக்ஸுக்காக அப்படிப்பட்ட மெத்தட்களைத் திரைமறைவில் உண்டாக்குகிறது. ஊருக்கு உபதேசம்!

எல்லாரும் இந்த வழியில் வரவில்லை. ஸ்ட்ரேச்சி ஒப்பேற்றல் என்று ஒதுக்கியதை ஒழுங்குபடுத்தப் பார்த்தவர்கள் ஃபிலிப் வாட்லரும் ஸ்டீஃபன் பிளாட்டும். 1989இல் அவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து ஹாஸ்கல் மொழியின் 'டைப் கிளாஸ்' வந்தது, அதில் ரிட்டர்ன் டைப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பது அன்றாடச் சமாச்சாரம். கூகுளில் பிறந்து 2009இல் வெளியான கோ மொழி நேர் எதிர், ஓவர்லோடிங்கே வேண்டாம், பெயரைப் பார்த்தால் எது என்று தெரிய வேண்டும் என்றது. ஃபோர்ட்ரானின் ஐந்து மேக்ஸ்கள் சிரித்திருக்கும்.

பைத்தானிலும் இது இல்லை. நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒரு வேடிக்கை இதனால் உண்டானது. 2018இல் வந்த புதிய பாடநூலில் 11ஆம் வகுப்புக்கு சி++, அதில் பணிமிகுப்பு விரிவாக உண்டு. அடுத்த ஆண்டு 12ஆம் வகுப்புக்கு வந்த புதிய பாடநூலில் மொழி பைத்தான். என் மாமா பையன் 12ஆம் வகுப்புக்குப் போனவுடன், முந்தின வருஷம் படித்த ஞாபகத்தில் ஒரே புரோகிராமில் இரண்டு 'பரப்பு' எழுதினான், ஒன்று பக்கம் மட்டும் வாங்குவது, இன்னொன்று நீளமும் அகலமும் வாங்குவது. பைத்தான் எழுதும்போது ஒன்றும் சொல்லவில்லை. சதுரத்துக்காகப் பரப்பு(4) என்று கூப்பிட்டபோது, 'அகலம்' வரவில்லையே என்று கேட்டது. முதல் பரப்பை இரண்டாவது அப்படியே அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. "அண்ணா, போன வருஷம் இது சரின்னுதானே சொன்னாங்க?" என்று போன் செய்தான். 1957இலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.